செத்தவருக்கு வள்ளம் இல்லை

அந்த அறிவித்தலைக் கோயில் மதிலில் ஒட்டியிருந்தார்கள். தட்டச்சில் அடித்த ஒற்றைத் தாள். பசை காயுமுன்பே காற்று ஒரு மூலையைக் கிளப்பிவிட்டிருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டி வாசிக்க நேரமெடுக்கும். அதிலும் அரசாங்கத் தமிழ் என்றால் வசனத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்து போகும். மூன்று தரம் வாசித்தேன். பிறகு தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு நாலாம் தரமும் வாசித்தேன்.

யுத்தத்தில் தொழில் இழந்த கடற்றொழில் குடும்பங்களுக்கு அரசாங்கம் வள்ளமும் இயந்திரமும் வலையும் கொடுக்கப் போகிறது. வள்ளம் அழிந்ததற்குக் கிராம சேவையாளரின் கடிதம் வேண்டும். கடலுக்குப் போவதற்கு இராணுவ முகாமில் கொடுக்கும் பாஸ் வேண்டும். குடும்பத் தலைவர் நேரில் வந்து கையொப்பம் வைக்க வேண்டும். மாத முடிவுக்குப் பிறகு வரும் விண்ணப்பங்கள் எடுக்கப்பட மாட்டா.

எங்கள் வள்ளம் கரையிலேயே எரிந்ததை ஊரே நின்று பார்த்தது. அதற்கு ஒரு கடிதம் எடுக்கலாம். மற்ற இரண்டுக்கும்தான் வழி இல்லை. எங்கள் வீட்டுக் குடும்பத் தலைவர் அரசாங்கத்தின் எல்லாத் தாள்களிலும் செத்துப் போயிருந்தார். அவர் செத்துவிட்டார் என்று எழுதுவித்தது நான்.

அது நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

சண்டை திரும்பத் தொடங்கிய ஆண்டில் நாங்கள் எங்கள் கரையை விட்டு ஓடி, தீவின் உட்பக்கத்தில் கோயிலுக்குப் பின்னால் இருந்த பனங்காணியில் கொட்டில் போட்டு இருந்தோம். எங்களைப் போல நாலைந்து கரைகளின் சனம் அங்கே இருந்தது. வீட்டோடு அவருடைய அடையாள அட்டையும் எரிந்துவிட்டது. வள்ளம் இல்லாத மீன்காரனுக்குத் தீவில் என்ன வேலை? யாரோ நறுவிலிக்குளத்து வயல்களில் அருவி வெட்டுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சொல்ல, அவர் பெருநிலத்துக்குப் போகும் பாலத்தைத் தாண்டி நானாட்டான் பக்கம் போனார். நெல் வெட்டத் தெரியாது. "மீன் வெட்டின கைதானே, நெல்லும் வெட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு கிழமையில் வருவதாகப் பேச்சு. அவர் போன மூன்றாம் நாள் பாதையை மூடிவிட்டார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் அவர்களோடு சண்டை பிடிக்கிறவர்கள்.

நான் சிறு வயதிலிருந்தே பயந்த சுபாவம். உலை கொதிக்கப் பிந்தினால்கூட ஏதோ நடக்கப் போகிறது என்று நினைப்பேன். அவர் போன பிறகு என் தலைக்குள் ஒரு நிமிடமும் ஓய்வில்லை. செத்திருப்பாரோ, பிடிபட்டிருப்பாரோ, அந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்று யாராவது போய்ச் சொல்லியிருப்பார்களோ என்று ஒன்று மாறி ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த நிலையில்தான் குடும்பங்களைப் பதிய வந்தார்கள். பள்ளிக்கூட வாங்கு ஒன்றை வேப்பமரத்தின் கீழ் போட்டு, எழுதுவதற்கு ஒரு ஆமிக்காரரும் மொழிபெயர்க்க ஒருவரும் இருந்தார்கள். இந்தப் பதிவை வைத்துத்தான் நிவாரண அட்டை தருவார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் புருஷன் பெருநிலப் பக்கம் போய் அகப்பட்டுக்கொண்டான் என்று உள்ளதைச் சொன்னாள். அவளை வரிசையை விட்டு விலகி நிற்கச் சொன்னார்கள். ஏன் போனான், யாரிடம் போனான், எப்போது வருவான் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வெயில் உச்சிக்கு ஏறும்வரை அவள் கைப்பிள்ளையோடு அங்கேயே நின்றாள். அவளுக்கு அன்று அட்டை கிடைக்கவில்லை.

என் முறை வந்தது. புருஷன் எங்கே என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். சத்தியமாக நான் எதையும் யோசித்துவைத்துப் போகவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"அவர் செத்துப்போனார். கடலில."

மொழிபெயர்ப்பாளர் நாக்கால் 'த்சு' என்று ஒரு சத்தம் போட்டார். எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்து என் மகளைப் பார்த்தார். அவளுக்கு அப்போது ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. அவர் ஏதோ மெதுவாகச் சொல்லி, தாளில் ஒரு கட்டத்துக்குள் குறியிட்டார். அன்றைக்கே அட்டை கையில் வந்தது. கைம்பெண் என்றபடியால் அரிசி, பருப்பு, சீனியோடு பால்மாவும் எழுதியிருந்தது. விதானையார் அதில் கையொப்பம் வைத்துத் தந்தார். கிராம சேவையாளரை எங்கள் பக்கத்தில் இன்றும் விதானையார் என்றுதான் சொல்வோம். அவர் வேறு கரையிலிருந்து மாறி வந்தவர், எங்கள் குடும்பத்தை முன்பின் தெரியாதவர். நான் சொன்னதை நம்பினார்.

கொட்டிலுக்கு வந்து முதல் வேலையாகத் தாலியைக் கழற்றினேன். பழைய துணியில் சுற்றி மாத் தகரத்துக்குள் மாவுக்கு அடியில் புதைத்தேன். இரண்டாவது வேலையாக மகளைப் பழக்கினேன்.

பொய் சொல்வது லேசு, அதைக் காப்பாற்றுவதுதான் பாடு. ஆமிக்காரர் கிழமைக்கு ஒருதரம் கொட்டில்களை எண்ண வருவார்கள். பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுப்பார்கள், வீட்டுக் கதை கேட்பார்கள். அவள் வாயிலிருந்து ஒரு சொல் தவறினால் என்ன ஆகும் என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் நான் சின்ன வயதில் கோயிலில் சுவாமியாரிடம் ஞானோபதேசம் படித்த மாதிரியே, கேள்வியும் பதிலுமாக, தினமும் தலை இழுக்கும்போது அவளுக்குப் படிப்பித்தேன். அப்பா எங்கே? கடலில் செத்துப் போட்டார். எப்போது? வள்ளம் எரிந்த பிறகு. சரியாகச் சொன்னால் சீனி ஒரு கிள்ளு. பிழையாகச் சொன்னால் சீப்பு கொஞ்சம் இறுக்கமாக இழுக்கும். அவள் கெட்டிக்காரி, மூன்று நாளில் பாடமாக்கிவிட்டாள். நாலாம் நாள் நான் கேட்காமலே சொல்லிவிட்டுச் சீனிக்குக் கை நீட்டினாள்.

கார்த்திகை மாதம் இறந்தவர்களுக்கான பூசை வந்தது. எங்கள் கோயிலில் அந்த ஆண்டு செத்தவர்களின் பெயர்களைப் பீடத்திலிருந்து வாசித்து மன்றாடுவது வழக்கம். நான் பெயர் கொடுக்கவில்லை. யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்துவிட்டார்கள். சுவாமியார் வரிசையாக வாசித்துக்கொண்டு போக, நடுவில் அவருடைய பெயர் வந்தது. நித்திய இளைப்பாற்றிக்காகச் சனம் முழுவதும் ஒரே குரலில் மன்றாடியது. நானும் மன்றாட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவள் பார்ப்பாள். உயிரோடு இருக்கிற மனிசனுக்கு நான் என் வாயால் மன்றாடினேன். என் மகள் என்னைவிடச் சத்தமாக மன்றாடினாள்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து சுவாமியார் கடைசிவரை கேட்டார். பிறகு, பயத்தில் சொன்னதை ஆண்டவர் அறிவார், ஆனால் பிள்ளைக்குப் படிப்பிக்கிறதை நிற்பாட்டு என்றார். ஓம் என்று சொன்னேன். நிற்பாட்டவில்லை. கிழமைக்கு ஒருதரம் ஆமி வரும்போது எப்படி நிற்பாட்டுவது?

எட்டு மாதம் கழித்துப் பாதை கொஞ்சம் திறந்தது. அவர் வந்தார். மலேரியாவில் பாதி ஆளாகி, நறுவிலிக்குளத்து விதானையார் கொடுத்த கடிதம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். பாலத்துக் காவலில் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார்கள். கொட்டில் வாசலில் அவர் நிற்கும்போது எனக்கு வந்த முதல் நினைப்பைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஐயோ, யாரும் கண்டிருப்பார்களோ என்றுதான் நினைத்தேன். ஆளை உள்ளே இழுத்துப் படலையைச் சாத்திவிட்டு, அவர் செத்துப்போன கதையை அவருக்கே சொன்னேன். அவர் சிரித்தார். சாவு வீட்டில் என்ன சமைத்தனீர் என்று கேட்டார். "செத்தவனுக்குப் பசிக்குது, ஏதும் இருந்தால் போடும்."

எங்கள் கரைச் சனத்துக்கு உண்மை தெரியும், அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். எண்ண வருகிறவர்களுக்கு என்ன சொல்வது? என் அண்ணன் என்று சொல்லத் தீர்மானித்தோம். அதாவது மகளுக்கு மாமா. திரும்பவும் சீப்பை எடுத்தேன். இவர் ஆர்? மாமா. எங்கேயிருந்து வந்தவர்? நானாட்டானிலிருந்து. அவருக்கு முதலில் அது விளையாட்டாக இருந்தது. தானும் சேர்ந்து படிப்பித்தார், சீனியும் அவரே கொடுத்தார். ஒருநாள் மத்தியானம் கொட்டிலுக்குள் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருக்க, அவள் விளையாட்டுச் சிரட்டை ஒன்றை நீட்டி, "மாமா, தேத்தண்ணி குடியுங்கோ" என்றாள். அவர் வாங்கிக் குடித்த மாதிரிக் காட்டினார். சிரிக்கவில்லை. அதன் பிறகு அவர் பாடத்துக்கு வரவில்லை.

ஆமியிடம் போய் உண்மையைச் சொல்வோம் என்று அவர் இரண்டு மூன்று தரம் சொன்னார். நான்தான் விடவில்லை. பொய் சொன்னதுக்கு என்னைப் பிடிப்பார்கள், அந்தப் பக்கம் இருந்து வந்ததுக்கு உங்களைப் பிடிப்பார்கள், பிள்ளை தெருவில் நிற்கும் என்று அழுதேன். அட்டையும் போய்விடும். அந்த அட்டையில்தான் மூன்று வயிறும் ஓடியது. பாஸ் இல்லாமல் அவர் கடலில் கால் வைக்க முடியாது. கடல் தெரிகிற இடத்தில் நின்று, காவலரண் கட்டுவதற்கு மண் சுமந்தார். காற்று மாறும்போது மண்கூடையோடு நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். கூட வேலை செய்கிறவர்கள் வந்து சொல்வார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தாள் மதிலில் ஏறியது.

நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். குடத்தோடு வீடு வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். ஆனால் வாசலில் இருந்த அவருடைய முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவருக்கு முன்பே கதை எட்டியிருந்தது.

"எங்கட ஆண்டவர் மூண்டு நாளில எழும்பினவர்," என்றார். "உங்கட கந்தோர்க்காரர் எனக்கு எத்தினை நாள் கேப்பினமோ தெரியேல்லை. போய்க் கேப்பம்."

விதானையாரிடம் இருவருமாகப் போனோம். நான் பேச வாயெடுத்ததும் அவர் யன்னலைச் சாத்தினார். முழுவதையும் கேட்டார். கோபிக்கவில்லை, அவருடைய கை மட்டும் மேசையில் இருந்த முத்திரையை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்தது.

"உம்மட சொல்லை நம்பி நான் கையொப்பம் வைச்சனான், தங்கச்சி. இப்ப இவர் உயிரோட எண்டால் நான் கள்ளன்."

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். கைம்பெண்களுக்கு வேறொரு திட்டம் வருகிறதாம். தையல் மெசின் அல்லது கோழிக்குஞ்சுகள். என் பெயர் முதலாவதாக இருக்கிறது. பேசாமல் அதை எடுத்துக்கொண்டு இருந்தால் யாருக்கும் சங்கடமில்லை. நான் என் புருஷனின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அந்த வழி நல்லதாகவே பட்டது, ஒளிப்பானேன். கோழி வளர்த்துப் பிழைக்கலாம். அவர் மாமாவாகவே இருக்கட்டும். சண்டை எப்போதாவது முடியும்தானே.

என் புருஷன் விதானையாரைக் கேட்டார். "ஐயா, என்ர சாவுக்குக் குடுக்கிற கோழியை நானே அடைச்சு வளர்க்கட்டோ?"

விதானையார் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். பிறகு, பாஸ் கொடுக்கிறது முகாம்தான், முகாம் இவரை உயிரோடு என்று எழுதிக் கொடுத்தால் தானும் திருத்தி எழுதுவதாகச் சொன்னார். தன்னால் எங்களோடு வர முடியாது என்பதையும் சொன்னார்.

போவதற்கு முன்பு, எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று வள்ளத்துக்குப் பெயர் எழுதுகிற கடற்றொழில் கந்தோருக்கும் போனேன். அந்த வரிசையில் காலையிலிருந்து நின்றேன். மேசையில் இருந்த எழுதுவினைஞர் என் அட்டையை வாங்கிப் பார்த்தார். கைம்பெண் என்று போட்டிருக்கே என்றார். அவர் இருக்கிறார் ஐயா, பிழையாகப் பதிந்துவிட்டது என்றேன். யார் பிழையாகப் பதிந்தது என்று கேட்டார். அவர் அட்டையைத் திருப்பித் தந்தார். "செத்தவருக்கு வள்ளம் இல்லை, அம்மா. உயிரோட இருக்கிறார் எண்டால் கடிதத்தோட வரச் சொல்லுங்கோ." சொன்ன விதத்தில் நக்கல் இல்லை. பின்னால் நின்றவர்கள்தான் சிரித்தார்கள்.

மாத முடிவுக்கு நாலு நாள் இருக்க முகாமுக்குப் போனோம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனது என் யோசனை. பிள்ளையோடு போனால் இரக்கம் காட்டுவார்கள் என்று நினைத்தேன். அவளுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரினேன். வாரும்போது என் மனம் முழுவதும் நான் அங்கே சொல்லப்போகிற வசனங்களில் இருந்தது. எப்படித் தொடங்குவது, மன்னிப்பை முதலில் கேட்பதா கடைசியில் கேட்பதா என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு எங்கே போகிறோம், இனிமேல் இவரை என்னவென்று சொல்ல வேண்டும் என்று ஒரு வார்த்தை. ஒன்றரை வருடமாக ஒவ்வொரு நாளும் படிப்பித்தவள், அன்று ஒரு நாள் படிப்பிக்க மறந்தேன்.

உள்ளே முகாமுக்குப் பொறுப்பான பெரியவர் கதிரையில் இருந்தார். பக்கத்தில் அதே மொழிபெயர்ப்பாளர். நான் தொடங்கினேன். நினைத்துவைத்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. அழுகையும் சொல்லுமாக எதையோ கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நறுவிலிக்குளத்துக் கடிதத்தை எடுத்துப் பார்த்தார், பெரிய கொப்பி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அதையும் பார்த்தார். கொப்பியில் செத்தவர், கடிதத்தில் இருப்பவர், இரண்டு தாளிலும் ஒரே பெயர். செத்துப்போன ஒருவனின் பெயரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரலாம்தானே என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே தெரிந்தது. அதுதான் என்னை இன்னும் கலக்கியது.

மொழிபெயர்ப்பாளர் என் கழுத்தைப் பார்த்தார். "தாலி எங்கை, அக்கா?"

கையைக் கழுத்துக்குக் கொண்டு போனேன். மாத் தகரம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பெரியவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பிஸ்கட் பக்கற்றை எடுத்தார். மகளைக் கிட்டக் கூப்பிட்டு, ஒன்றைக் கையில் வைத்தார். தனக்குத் தெரிந்த தமிழில் அவரே கேட்டார்.

"பாப்பா, இவர் யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். கேள்வி கேட்கும்போது என்னைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம். நான் தலையாட்டினேன். சொல்லு, உண்மையைச் சொல்லு என்றுதான் தலையாட்டினேன். அவளுக்கு அது எப்போதும் ஆட்டுகிற தலையாட்டலாகத்தான் இருந்திருக்கும்.

"மாமா," என்றாள். "நானாட்டானில இருந்து வந்தவர்."

"அப்பா எங்கே?"

"அப்பா கடலில செத்துப் போட்டார். வள்ளம் எரிஞ்சாப் பிறகு."

ஒரு சொல் பிசகவில்லை. சொல்லி முடித்துவிட்டு, சீனிக்கு நீட்டுவது போல மற்றக் கையையும் நீட்டினாள்.

நான் குழறினேன். நான் படிப்பித்தது அது, நான்தான் படிப்பித்தனான் என்று கத்தினேன். மொழிபெயர்ப்பாளர் அதை மாற்றிச் சொன்னாரோ இல்லையோ தெரியாது. இரண்டு பேர் வந்து என் புருஷனை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் போகும்போது என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான்.

"பிள்ளைக்கு அடியாதையும்."

மகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். சுவாமியார் கிணற்றடியில் வாழைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சுவாமி, உங்களுக்கு எல்லாம் தெரியும், வந்து சொல்லுங்கோ என்றேன். அவர் வாளியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. எல்லாம் தெரிந்த ஒருவர் இப்படி மரம் மாதிரி நிற்கலாமா என்று நினைத்தேன்.

"பிள்ளை," என்றார், "எனக்கு ஒண்டும் தெரியாது. தெரியிறதெண்டால் இப்ப இதிலை நிண்டு நீர் சொல்ல வேணும். முதல்ல இருந்து சொல்லும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாவசங்கீர்த்தனத் தட்டிக்குள் கேட்டதை அவர் வெளியே ஒருவருக்கும் சொல்ல முடியாது, தெரிந்த மாதிரிக் காட்டவும் முடியாது. அந்தக் கிணற்றடியில், துணி தோய்க்க வந்த இரண்டு பெண்களும் கேட்டுக்கொண்டு நிற்க, நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அவர் வாளியை வைத்தார்.

எங்கள் கரைக் கோயிலை விட்டு ஓடி வரும்போது சனம் சட்டி பானையைத் தூக்கியது. அந்தக் கோயில் மூப்பர் கலியாணப் புத்தகத்தையும் ஞானஸ்நானப் புத்தகத்தையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து சுவாமியாரிடம் கொடுத்திருந்தார். அவற்றைத் தேடி எடுக்க அன்று பின்னேரமாயிற்று. சுவாமியாரோடு கொண்டு போக, முகாமில் அடுத்த நாள் வரச் சொன்னார்கள். அடுத்த நாள் பெரியவர் இல்லை. மூன்றாம் நாளும் அவர் வரவில்லை. நான் முகாமுக்கு எதிரே இருந்த பூவரச மரத்தின் கீழ் இருந்து, ஆண்டவர் மூன்று நாளில் எழும்பினார் என்று என் புருஷன் பகிடி விட்டதை நினைத்தேன். மூன்றாம் நாள் பொழுது பட்டது. மகள் மணலில் கோடு கீறி விளையாடினாள். அவளிடம் நான் ஒன்றும் பேசவில்லை. அடிக்கவில்லைதான், ஆனால் பேசவும் இல்லை. அதுவும் ஒரு அடிதான் என்று அப்போது தெரியவில்லை.

ஐந்தாம் நாள் பெரியவர் புத்தகத்தைப் பார்த்தார். கலியாணத்தன்று என் புருஷன் வைத்த கையொப்பம் அதில் இருந்தது. பெயரை எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டின் முனையைத் தூண்டில் போல வளைத்துவிடுவார். அவரைக் கொண்டுவந்து ஒரு வெள்ளைத் தாளில் கையொப்பம் போடச் சொன்னார்கள். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைத் தூக்கி மேசையில் வைத்துக்கொண்டு எழுதினார். எழுத்து நடுங்கியது. தூண்டில் சரியாக வந்தது.

பெரியவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆள் இவர்தான் என்று கடிதம் எழுதிக் கொடுத்து அவரை விட்டார். வெளியே வரும்போது மொழிபெயர்ப்பாளர் எனக்குப் பின்னால் வந்து, இனிப் பிள்ளைக்கு இப்படிப் பழக்காதேங்கோ அக்கா என்று மெதுவாகச் சொன்னார்.

அந்தக் கடிதத்தோடு நேரே விதானையாரிடம் போனோம். அவர் சிவப்புப் பேனாவால் என் அட்டையில் ஒரு கோடு போட்டார். அரிசி குறைந்தது, பால்மா நின்றது. அதற்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அடுத்த நாள் கடற்றொழில் கந்தோரில் எழுதுவினைஞர் எங்கள் இருவரையும் பார்த்து எழுந்தே நின்றார். நேற்றோடு முடிந்துவிட்டது என்றார். பட்டியல் பெரிய கந்தோருக்குப் போய்விட்டது. மிஞ்சினால் வலை வரும், அதற்கு எழுதிவிடுகிறேன் என்றார். விண்ணப்பத்தில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் புருஷன் கையொப்பம் வைத்தார். நான் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வள்ளம் இல்லை. கோழியும் இல்லை. பால்மாவும் இல்லை. அந்தத் தாளில் அவர் உயிரோடு இருந்தார், அவ்வளவுதான்.

வலை எட்டு மாதம் கழித்து வந்தது. அதை வைத்துக்கொண்டு வேறொருவரின் வள்ளத்தில் பங்குக்குப் போனார். ஒரு கையால் இழுக்கிறவனை ஏற்றிக்கொள்ள எல்லாரும் விரும்பவில்லை. ஒருவர் ஏற்றினார். என் புருஷன் தன் தோளைப் பற்றியும், முகாமுக்குள் இருந்த ஐந்து நாளைப் பற்றியும் என்னிடம் ஒருநாளும் பேசவில்லை. நான் அன்று அறிவித்தலைப் பார்க்காமல் போயிருந்தால் என்று நினைப்பேன். முதல் நாள் வேப்பமரத்தின் கீழ் உள்ளதைச் சொல்லியிருந்தால் என்றும் நினைப்பேன். அன்று காலை தலை வாரும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மகள் அதற்குப் பிறகு அவரை மாமா என்று கூப்பிடவில்லை. அப்பா என்றும் கூப்பிடவில்லை. அப்பா என்று சொல்லு என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். கேள்வி கேட்டால் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், வாய் திறக்க மாட்டாள். அவர்தான், விடும், வாற நேரம் வரட்டும் என்றார்.

வள்ளங்கள் திரும்பும் நேரத்தில் அவருடைய சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அவள்தான் கரைக்குப் போவாள். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்கி நின்று அப்பா, அப்பா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் மணலில் நின்று, சாப்பாட்டுச் சட்டியின் மூடியைக் கழற்றி, சட்டியில் தட்டினாள். மூன்று தட்டு. கொஞ்சம் விட்டுத் திரும்பவும் மூன்று தட்டு. வள்ளத்தில் இருந்த அத்தனை பேரில் அவர் ஒருவர் மட்டும் திரும்பிப் பார்த்து, தூக்கக் கூடிய கையைத் தூக்கினார்.